மூச்சுப் பட்டை

செத்துப்போன பட்டைகள் ஓர் அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்தன. எழிலரசி அவற்றை மீட்டரில் மாட்டவில்லை, மைக்ராஸ்கோப்பின் கீழே வைக்கவில்லை. ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். நல்லெண்ணெய். கூடவே மிளகு, சீரகம், வெற்றிலைக் காம்பு.

அதற்குமேல் ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த வாசம் எதனுடையது என்று தமிழ்நாட்டில் பிறந்த எந்த மூக்கைக் கேட்டாலும் சொல்லிவிடும். பாலிமர் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மூக்குதான் இவ்வளவு தாமதமாகக் கண்டுபிடித்திருக்கிறது.

பெட்டியைக் கொண்டுவந்த சகாயராஜ் எதிரே நின்றுகொண்டிருந்தார். கம்பெனியின் கள அதிகாரி. தென் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் யாருக்காவது பட்டை மக்கர் செய்தால் முதலில் ஓடுகிறவர் அவர்தான். பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு வரும்போதே அவருக்கும் வாசம் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் மேடம் வாயால் வரட்டும் என்று பேசாமல் நின்றார்.

மூச்சுப் பட்டை என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு ரப்பர் துண்டு. விலா எலும்பின் மேல் ஒட்டிவிடுவார்கள். மூச்சை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். நீண்டு சுருங்கும்போதெல்லாம் அதில் துளித்துளியாக மின்சாரம் பிறக்கும். அந்தத் துளியை வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கிற பேஸ்மேக்கர் இதயத்தைத் துடிக்க வைக்கும். பேட்டரி கிடையாது. பேட்டரி தீர்ந்துபோனால் மறுபடி நெஞ்சைக் கீறுகிற வேலையும் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பட்டையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். இரண்டாவது ஆபரேஷனுக்கு வழியில்லாமல் பாதியிலேயே நின்றுபோன இதயங்கள் இந்த நாட்டில் ஏராளம். அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் எழிலரசி தன் ஆயுசின் நல்ல பகுதியை ஒரு ரப்பரோடு கழித்தாள்.

வேலை லேசானதல்ல. நன்றாக நீளுகிற பாலிமருக்கு மின்சாரம் தரத் தெரியாது. மின்சாரம் தருகிற பாலிமரை நீட்டினால் முறிந்துபோகும். சரி, இரண்டையும் கலந்துவிடலாம் என்றால் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது. காலையில் கலந்துவைத்தால் சாயங்காலத்துக்குள் பிரிந்து தனித்தனியாக நிற்கும். இரண்டையும் கைபிடித்துச் சேர்த்து உட்கார வைக்கிற மூன்றாவது பொருள் ஒன்றைக் கண்டுபிடித்ததுதான் எழிலரசியின் சாதனை. அதற்காக மாலை போட்டார்கள், மேடையில் பேசச் சொன்னார்கள். மதுரைக்கு வெளியே ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தொழிற்சாலை எழும்பியது. இந்த வருஷம்தான் அரசாங்கத் திட்டத்தில் பட்டை ஏழைகளுக்கு இலவசமாகப் போக ஆரம்பித்தது; அதன்பின் வந்த முதல் தீபாவளி இது.

சோதனையில் குறை வைத்ததாகவும் யாரும் சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து ஒரு விதிமுறை வந்தது. அதில் இருந்த அத்தனையும் செய்தார்கள். வியர்வையில் ஊறவைத்தார்கள், கடல் தண்ணீரில் ஊறவைத்தார்கள், சோப்பு, டெட்டால், நீச்சல் குளத்துக் குளோரின் எல்லாம் பார்த்தார்கள். உறைபனியில் கிடந்தால் என்ன ஆகும் என்றுகூட ஒரு குளிர்ப்பெட்டி வாங்கி, மாதக்கணக்கில் உள்ளே கிடத்திப் பார்த்தார்கள். மதுரையில் பனி! அந்தச் சோதனை நடந்த வருஷத்துத் தீபாவளியன்று மத்தியானம், எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை சரியாகக் காயாமலே, பனிப்பெட்டியில் குளிர் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க எழிலரசி ஆபீசுக்கு ஓடி வந்தாள். அவளுடைய சட்டைக் காலரில் எண்ணெய்க் கறை இருந்தது. அதை நினைத்தவள் கையிலிருந்த பட்டையைப் பெட்டியில் திரும்பப் போட்டாள்.

"இதெல்லாம் போட்டிருந்தவங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள்.

மயக்கம், தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் என்றார் சகாயம். புதுப் பட்டை ஒட்டியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் தனியாக வைத்தார். அதில் ஒரு பட்டை மட்டும் இருந்தது. மற்றவற்றைவிட அதிகமாக உப்பி, ஓரம் சுருண்டு, தண்ணீரில் விழுந்த அப்பளம் போல இருந்தது.

"இது ஆஸ்பத்திரிக்கு வரலை மேடம்," என்றார். "சோழவந்தான். யுவராஜ்னு பேரு. தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வந்த பையன்."

எழிலரசி நாற்காலியில் உட்கார்ந்தாள். சகாயம் நடந்ததைச் சொன்னார். கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. பையனுக்குப் பட்டை இருப்பது பெண் வீட்டுக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரி வரிசையில் மாமனார் பார்த்துப் பிடித்த சம்பந்தம். தீபாவளி விடியலில் மாமியார் மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்து, காய்ச்சின எண்ணெயைத் தலையில் வைத்திருக்கிறார். மச்சினன்மார் கிண்ணத்தைப் பிடுங்கி முதுகிலும் நெஞ்சிலும் ஊற்றிக் கும்மாளம் போட்டிருக்கிறார்கள். சட்டுப்புட்டென்று குளிக்க எழுந்தவனை மாமியார் தடுத்து, உடம்புச் சூடு இறங்க வேண்டாமா, நல்லா ஊறட்டும் என்று உட்கார்த்தி வைத்திருக்கிறார். இரண்டு மூன்று நாள் அசதியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். விருந்து மேல் விருந்து, அசதி இருக்காதா என்று எல்லோரும் கேலி பேசியிருக்கிறார்கள். அப்புறம் ஒரு நாள் மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பாவம், தூங்கட்டும் என்று பொழுது சாயும்வரை யாரும் எழுப்பவும் இல்லை.

"அலாரம் ஏன் மேடம் அடிக்கல? பட்டை கெட்டா போன்ல அலாரம் வரும்னுதானே நாம சொல்லிக் குடுக்குறோம்?"

"கிழிஞ்சா வரும் சகாயம். கிழிஞ்சா கரண்ட் மொத்தமா நின்னுபோகும், உடனே அடிக்கும். உள்ள சேத்து வச்சிருக்கிறதை வச்சு பேஸ்மேக்கர் ரெண்டு நாள் ஓட்டவும் செய்யும். இது கிழியல. ரப்பர் எண்ணெயைக் குடிச்சிருக்கு. குடிச்சுக் குடிச்சு வீங்கியிருக்கு. வீங்க வீங்க, நான் சேத்து வச்ச ரெண்டும் உள்ளுக்குள்ள விலகிப்போச்சு. கரண்ட் கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு."

"இறங்குனா அதுக்குத் தெரியாதா?"

பதில் சொன்னால் அது வாக்குமூலம் மாதிரி ஆகிவிடும் என்று எழிலரசிக்குத் தோன்றியது. ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"ஆழமா மூச்சு விட்டா நிறைய கரண்ட் வரும். மெதுவா விட்டா கம்மியா வரும். கம்மியா வந்தா ஆளு தூங்குறான்னு அர்த்தம். தூங்குற ஆளுக்கு நெஞ்சு வேகமா அடிக்க வேண்டியதில்ல, மெதுவா அடிச்சாப் போதும். அப்படித்தான் நாங்க அதுக்குச் சொல்லிக் குடுத்தோம். பெருமையாக்கூட இருந்துச்சு, எவ்வளவு புத்திசாலித்தனமா செஞ்சிருக்கோம்னு."

சகாயம் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவன் முழிச்சு உக்காந்திருக்கும்போதே, இது தூங்குறான்னு நினைச்சிக்கிட்டு..."

"ஆமா. மெதுவாக்க மெதுவாக்க அவனுக்கு மூச்சும் கம்மியாயிருக்கும். மூச்சு கம்மியானா இன்னும் நல்லாத் தூங்குறான்னு இது இன்னும் மெதுவாக்கும்."

வீடும் அவன் தூங்குகிறான் என்றே நினைத்தது, இயந்திரமும் அப்படியே நினைத்தது. இரண்டுக்கும் அவன்மேல் அக்கறைதான்.

மறுநாள் நிர்வாக இயக்குநர் ஸ்ரீவத்சன் அறையில் கூட்டம். ஸ்ரீவத்சன் கெட்ட மனுஷன் இல்லை. கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எழிலரசிக்கு வேலை சுலபமாகியிருக்கும். பட்டைகளைப் பார்த்து அவர் நிஜமாகவே கலங்கினார். கலங்கிய பிறகு, மடித்து மடித்துப் பெட்டிக்குள் வைக்கிற விளக்கத் தாளை எடுத்து விரித்தார். அதன் பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், எண்ணெய்ப் பசையுள்ள பொருட்களைத் தவிர்க்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. எந்த ஊர் விளக்கத் தாளிலிருந்தோ எடுத்து ஒட்டிய வரி. அதை எழுதியவருக்கும் எண்ணெய்க் குளியல் மனசில் இருந்திருக்காது. கிரீஸோ மோட்டார் ஆயிலோதான் இருந்திருக்கும்.

ஆகவே அறிக்கையில் காரணம் என்று இருக்கிற இடத்தில், பயன்படுத்தியவர் தரப்பில் நேர்ந்த தவறு என்று எழுதிவிடலாம் என்றார் ஸ்ரீவத்சன். எழிலரசி கையெழுத்துப் போட வேண்டும். அவள் முடியாது என்றாள். தப்பு கலவையில் இருக்கிறது, அந்தப் பையன் மேலோ அவனுக்கு எண்ணெய் வைத்தவர்கள் மேலோ இல்லை என்றாள். எல்லாப் பட்டையையும் திரும்ப வாங்க வேண்டும் என்றாள்.

"வாங்கிட்டு எதை ஒட்டுவே எழில்?" என்று கேட்டார். "அவங்க உடம்புக்குள்ள பேட்டரி இல்லை. நாமதான் வேண்டாம்னு எடுத்தோம். கலவையில தப்புன்னு நீ எழுதிக் குடுத்தா, நாளைக்கே திட்டத்தை நிறுத்துவாங்க, ஃபேக்டரியைச் சீல் வைப்பாங்க. அடுத்த வருஷம் பட்டை தேஞ்சுபோய் வரிசையில வந்து நிக்கிறவங்களுக்கு யார் பதில் சொல்றது? நீ சொல்வியா?"

கடைசியில் எழிலரசி பேரம் பேசினாள். எண்ணெய் குடிக்காத புதுக் கலவையைப் பொங்கலுக்குள் செய்து முடிக்கிறேன், அதை எந்தக் கேள்வியும் கேட்காமல் எல்லோருக்கும் மாற்றித் தர வேண்டும். அதுவரை பட்டை போட்டிருக்கிற ஒருவர் விடாமல் எண்ணெய் வேண்டாம் என்று தமிழில் செய்தி போக வேண்டும், போன் போட்டும் சொல்ல வேண்டும். ஸ்ரீவத்சன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எழிலரசி கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து எப்போதும்போல நேராக விழுந்தது. அதுதான் அவளுக்குப் பிற்பாடு அருவருப்பாக இருந்தது. இறந்துபோனவன் வீட்டுப் பக்கம் கம்பெனி ஆட்கள் யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது, ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சகாயத்துக்கு மனசு ஆறவில்லை. அறிக்கையின் நகல் அவர் கைக்கு வந்த அன்று நேராக ஆய்வகத்துக்கு வந்தார்.

"பயன்படுத்தியவர்னு எழுதியிருக்கீங்க. யாரு மேடம் பயன்படுத்துனவர்? அந்தப் பையன் பேசாம மணையில உக்காந்திருந்தான். எண்ணெய் வச்சது மாமியாக்காரம்மா. ஊறட்டும்னதும் அந்தம்மாதான். நீங்க பேரு போடலையே தவிர, எழுதுனது அவங்களைத்தான்."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கேட்டுக்கொண்டாள். சகாயம் மேலும் சொன்னார். எழவு வீட்டிலேயே யுவராஜின் அம்மா, உன் கையாலே என் பிள்ளையைக் கொன்னுட்டியே என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாராம். எண்ணெய் பட்டதால் பட்டை கெட்டது என்று ஆஸ்பத்திரியில் யாரோ பேசியது அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. மாமியார் பெயர் மலர்க்கொடி. அந்த அம்மாள் அன்றிலிருந்து எண்ணெய்ப் பாத்திரத்தைத் தொடுவதில்லையாம். தலைக்கு வைப்பதில்லை. அடுப்படியில் தாளிப்பதையும் விட்டுவிட்டார். குழம்பைத் தாளிக்காமலே இறக்கிவைக்கிறாராம். விதவையாகி வந்த மகள் அதைத் தின்ன முடியாமல் தின்கிறாளாம்.

தாளிக்காத குழம்பு எழிலரசியைப் பிடித்துக்கொண்டது. இறந்தவனை அவள் பார்த்ததில்லை; அவன் சாவு ஒரு வீங்கிய ரப்பராக மட்டுமே அவளிடம் வந்திருந்தது. குழம்பு அப்படியில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கண்முன் வந்து நின்றது. பகலெல்லாம் புதுக் கலவையைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆய்வக மேசையில் வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றிலும் நல்லெண்ணெய், ஒவ்வொன்றிலும் ஊறுகிற ஒரு பட்டை. அந்த வாசத்திலேயே இருந்து இருந்து, பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் சோழவந்தான் பஸ் ஏறினாள்.

வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பந்தல் பிரித்த குழிகள் இன்னும் மூடாமல் இருந்தன. மலர்க்கொடி கனத்த உடம்புக்காரி. தலைமுடி பறட்டையாக நின்றது, உதடும் கன்னமும் வெடித்துக் கிடந்தன. பட்டை செய்கிற ஆபீசிலிருந்து வருகிறேன், அதைச் செய்தவள் நான்தான் என்று எழிலரசி சொன்னதும் அந்த அம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பாள். மலர்க்கொடி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காப்பி போட உள்ளே போனார். உள் அறையில் யாரோ விடாமல் இருமுகிற சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரு," என்றார் திரும்பி வந்து. "தீபாவளிக்கு முந்தியே பிடிச்ச சளி. அன்னைக்குத் தலைக்குக்கூட ஊத்தல. இன்னும் விட்ட பாடில்ல."

மகள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். எழிலரசி காப்பியைக் குடித்தாள். என்ன சொல்ல வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வருத்தம் தெரிவிக்கவா? மன்னிப்புக் கேட்கவா? மன்னிப்புக் கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டிவரும். கையெழுத்துப் போட்டது அதற்கு நேர் எதிராக.

மலர்க்கொடியே ஆரம்பித்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. படிச்சவுக, செஞ்சவுக நீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. எண்ணெய் வச்சதாலதான் எம் மாப்பிள்ள போனாரா? ஊரே சொல்லுது. எம் மகளும் வாய்விட்டுச் சொல்லலையே தவிர..." அவர் மகள் பக்கம் பார்க்காமலே சொன்னார். "ஊறட்டும்னு உக்கார வச்சது நாந்தான். அவரு எந்திரிச்சாரு. நாந்தான் தோளப் பிடிச்சு அமுக்குனேன்."

சொல்லும்போது அந்த வலது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார், அது தன்னுடையது அல்ல என்பதுபோல.

சரியான பதில் எழிலரசிக்குத் தெரியும். ஆமாம் அம்மா, எண்ணெய்தான். ஆனால் குற்றம் உங்களுடையது இல்லை, எண்ணெயைத் தாங்காத பொருளைச் செய்த என்னுடையது. அந்த வாக்கியத்தின் முதல் பாதியைச் சொன்னால் இரண்டாம் பாதி இந்தப் பெண்ணின் காதில் விழாது என்று அவளுக்குப் பட்டது. விழுந்தால், நாளைக்கு வக்கீல் காதிலும் விழும். இரண்டில் எது தன் வாயை அடைத்தது என்று அவள் அப்புறம் பல நாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் இரக்கம் மட்டும்தான் என்று நம்பினாள்.

"இல்லம்மா," என்றாள். "எண்ணெய்யால இல்ல."

மலர்க்கொடி மடியிலிருந்த கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"அவருக்கு நெஞ்சே ரொம்ப பலவீனமா இருந்திருக்கு. பட்டைக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமில்ல. ஊர்ல ஆயிரம் பேசுவாங்க. செஞ்சவ நான் சொல்றேன். உங்க கையால ஒண்ணும் நடக்கல."

சுவரோரம் இருந்த மகள் அப்போதுதான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். மலர்க்கொடிக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். வயித்துல பால வார்த்தீக தாயி என்று மறுபடி மறுபடி சொன்னார். மகள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழிலரசிக்கும் கண் நிறைந்தது. இத்தனை நாளில் தான் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்று நினைத்தாள்.

விடைபெற எழுந்தபோது மலர்க்கொடி முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"அப்ப எங்க வீட்ல இனிமே எண்ணெய் தேய்க்கலாங்களா டாக்டரம்மா?"

தன் கையைத் தானே தண்டித்துக்கொண்ட ஒரு பெண், அந்தக் கையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கிறாள் என்று எழிலரசிக்குப் பட்டது.

"தாராளமா தேய்ங்கம்மா," என்றாள்.

தெருமுனை திரும்புவதற்குள் பின்னால் கடுகு வெடிக்கிற வாசம் வந்ததாக அவளுக்குத் தோன்றியது. பிரமையாகவும் இருக்கலாம். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கிக்கொண்டே மதுரை வந்து சேர்ந்தாள்.

அதன்பின் வேலை வேகம் பிடித்தது. மூன்றாவது பொருளை மாற்றினாள், மேல் உறையை மாற்றினாள், ஒட்டுகிற பசையை மாற்றினாள். மார்கழி பாதியில் ஒரு பட்டை, நல்லெண்ணெயில் வாரக்கணக்கில் ஊறியும் போட்டபடியே வெளியே வந்தது. அதை நீட்டினாள், சுருக்கினாள். மீட்டர் முள் முதல் நாள் போலவே எழுந்தது. அவள் அந்தக் குடுவையைத் தூக்கி ஸ்ரீவத்சன் மேசைமேல் வைத்தாள். அவர் எழுந்து நின்று கை கொடுத்தார். சொன்ன வாக்கைக் காப்பாற்றவும் செய்தார். பொங்கல் கழிந்ததும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் புதுப் பட்டை போவதாக ஏற்பாடு. இடைப்பட்ட காலத்தில் வேறு எந்த வீட்டிலும் சாவு இல்லை. செய்தியும் போனும் வேலை செய்தன. எழிலரசி அந்தக் கையெழுத்தைப் பற்றி நினைப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் சகாயம் வந்தார். வண்டிச் சத்தம் கேட்டதும், புதுப் பட்டை அனுப்புகிற விஷயமாகத்தான் வருகிறார் என்று எண்ணி அவள் சிரித்த முகமாகத் திரும்பினாள். அவர் கையில் பிளாஸ்டிக் உறை இருந்தது. மேசைமேல் வைத்துவிட்டு நின்றார்.

அவள் எடுத்து முகர்ந்தாள். மிளகு இல்லை, வெற்றிலை இல்லை. வெறும் நல்லெண்ணெய். பண்டிகை எண்ணெய் அல்ல, சாதாரணச் சனிக்கிழமை எண்ணெய்.

"யாரு?"

"அதே வீடு மேடம். சோழவந்தான். மாமனார் சுந்தரபாண்டி."

எழிலரசிக்கு முதலில் புரியவில்லை. மாமனாருக்கு என்ன சம்பந்தம் என்று கேட்டாள்.

"அவரும் பட்டைக்காரர்தானே மேடம். பட்டை ஒட்டுற வரிசையில நிக்கும்போதுதானே அந்தப் பையனைப் பாத்துப் பேசிப் பழகி, நமக்கும் இதுதான், நல்லாத்தானே ஓடுதுன்னு பொண்ணையே குடுத்தாரு. நான் சொன்னேனே உங்ககிட்ட. தீபாவளிக்குச் சளின்னு அவரு எண்ணெய் தேய்க்கல. அதனால தப்பிச்சாரு. இப்ப மார்கழி பாதியில இருமல் விட்டிருக்கு. உடம்பெல்லாம் வறண்டு கிடக்கே, சூடா இருக்கேன்னு சனிக்கிழமை அந்தம்மா நல்லா ஊறத் தேச்சு விட்டிருக்காங்க. அடுத்த சனிக்கிழமையும். முந்தாநாள் ராத்திரி படுத்தவர் எந்திரிக்கல."

இருமல் சத்தம் எழிலரசியின் காதில் கேட்டது. உள் அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. அவள் எழுந்து போய் எட்டிப் பார்க்கவில்லை. எங்க வீட்ல எண்ணெய் தேய்க்கலாங்களா என்று அந்த அம்மாள் கேட்டது தன் கையைப் பற்றி அல்ல. புருஷனைப் பற்றி. செய்தவளிடமே நேராக, தெளிவாக, இதைவிட எப்படிக் கேட்பது?

"போன் போட்டுச் சொல்லச் சொன்னேனே," என்றாள்.

"நானேதான் மேடம் அந்த வீட்டுக்குப் போட்டேன். எண்ணெய் விஷயமா பேசணும்னு ஆரம்பிச்சேன். எல்லாம் தெரியும் சார், உங்க ஆபீஸ் டாக்டரம்மாவே நேர்ல வந்து சொல்லிட்டாங்கன்னு சொன்னாங்க. சரி, யாரோ போய் நேர்லயே எச்சரிச்சிருக்காங்க, நல்லதாப் போச்சுன்னு நானும் வச்சிட்டேன். முழுசாக் கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்பப் போனப்பதான் தெரியுது, அந்த டாக்டரம்மா சொன்னது வேறன்னு. எண்ணெய்யால இல்ல, தாராளமா தேய்ங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. யாருன்னு விசாரிக்கச் சொல்லி எம்.டி குதிக்கிறாரு."

"நான்தான் போனேன்."

சகாயம் போய் ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் திட்டுவார் என்று எழிலரசி காத்திருந்தாள். கள அதிகாரி வேலையில் பொய் சொல்லாமல் காலம் தள்ளியவர் அவர் ஒருவர்தான். அவர் வாயால் திட்டு வாங்கினால் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மேசையில் குடுவைகள் வரிசையாக நின்றன, எண்ணெய்க்குள்ளே புதுப் பட்டைகள் எதுவும் ஆகாமல் பளபளவென்று கிடந்தன.

"அந்தம்மா உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல மேடம்," என்றார் சகாயம் கடைசியில். "பாவம், அந்த டாக்டரம்மாவை ஒண்ணும் செஞ்சிடாதீங்க, நல்ல மனசுன்னு சொன்னாங்க. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்கிட்டயும் கேட்டாங்க. ரெண்டு தடவையும் என் எண்ணெய்தானா சார்னு."

"என்ன சொன்னீங்க?"

சகாயம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த உறையை எடுத்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இல்லைன்னுதான் மேடம்," என்றார்.